ஒற்றைச் செருப்பு வீட்டுக்கு எந்தச் சேனல்?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் நாலாவது பத்திக்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நானாகவே முந்திக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

ஒரு வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே, உள்ளே இருப்பவர்களுக்கு எந்த டி.வி. சேனல் பிடிக்கும் என்று சொல்லிவிடலாம் என நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். கும்மிடிப்பூண்டியில் டீ கிடைக்கும் இடத்திலெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

சேறு அப்பிய ஷூ என்றால் கிரிக்கெட். குதிகால் தேய்ந்த பூப்போட்ட ரப்பர் செருப்பு என்றால் சீரியல். ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்திருந்தால் ஆங்கிலச் செய்தி. பார்க்க மாட்டார்கள், ஆனால் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்பார்கள்.

இந்த ஞானத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு வீட்டு முன்னால் போய் நின்றேன். வாசலில் ஒரே ஒரு செருப்பு கிடந்தது. ஆண் செருப்பு, இடது கால். வலது காலுக்கு உரியதைக் காணோம்.

தீவிரமாக யோசித்தேன். நாய் தூக்கிப் போயிருக்க வேண்டும். நாய் வந்து போவதுகூடத் தெரியாமல் அசந்து தூங்குகிற வீடு. அப்படித் தூக்கம் வருகிற வீடு என்றால் மனநிம்மதி உள்ள வீடு. ஆகவே பக்திச் சேனல்.

"எம்மா நேரம் செருப்ப மொறச்சிக்கினு நிப்பே? உள்ள வா, கேபிளு," என்றது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்.

எனக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு நான் 'கேபிளு'தான். வீடு வீடாகக் கேபிள் டி.வி. இணைப்புக் கொடுப்பவனுக்கு வேறு என்ன பெயர் வாய்க்கும்?

உள்ளே போனேன். கூடத்தில் கட்டில். கட்டிலில் தேவராஜ் அண்ணன், வலது கால் முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு. செருப்பின் ரகசியம் விளங்கிவிட்டது. மனநிம்மதி விஷயத்துக்கும் உடனே பதில் வந்தது.

"இந்த மனுசனுக்கு எதுனா ஒண்ணு போட்டு வுடு தம்பி," என்றார் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. சர்ச்சுக்குப் போய்விட்டுப் பின்வாசல் வழியாக வந்தவர், புடவையைக்கூட மாற்றவில்லை. "இல்லாங்காட்டி என் வேல பூடும்."

முந்நூறுக்கும் மேலே

நான் ஏன் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதுவரை எங்கள் தொழில் கல்யாணப் பந்தி மாதிரி. இலையில் எல்லாவற்றையும் வைத்துவிடுவோம். பிடித்ததைத் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடுவார்கள். திடீரென்று ஒரு சட்டம் வந்தது. யாருக்கு எந்தச் சேனல் வேண்டுமோ அதை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும், அதை மட்டும்தான் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். காகிதத்தில்.

பட்டியல் நாலு பக்கம். முந்நூறுக்கும் மேலே சேனல். தமிழ், பக்கத்திலேயே ஆந்திரா என்பதால் தெலுங்கு, தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்காக இந்தி, ஒடியா, வங்காளம். எழுத்து எறும்பு சைஸில். அதை அச்சடித்தது நான்தான். காகிதம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று சிறியதாக்கிவிட்டேன். பிறகு வீட்டுக்கு வீடு நானே உரக்கப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

மாடி வீட்டு டெய்லர் ஒருவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் கேட்கிற மாதிரி காதோரம் கேட்டார்: "எது எதுல டிக் போட்டா பாஸு?"

ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்த ஒரு வீடு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஐந்து மொழி. சண்டை வரும் என்று செருப்பை வாசலில் கழற்றாமலே உள்ளே போனேன், ஓட வசதியாக இருக்கட்டும் என்று. அவர்கள் ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். பேச்சே இல்லாத கார்ட்டூன் சேனல் ஒன்று. எல்லாருக்கும் சமமாகப் புரிகிறதாம்.

அந்தத் தெளிவு எனக்கு இருந்ததில்லை. என் வீட்டில் முந்நூறும் இலவசம். சாப்பிட்டுவிட்டு ரிமோட்டோடு உட்காருவேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திக்கொண்டே போவேன். நூற்று எண்பது வரும்போது, பன்னிரண்டில் நல்ல படம் ஓடியதே என்று தோன்றும். திரும்பி வருவதற்குள் அங்கே விளம்பரம். கடைசியில் எதையுமே பார்க்காமல் கட்டைவிரல் வலியோடு படுக்கப் போவேன்.

"ஊருக்கே பொறுக்கிக் குடுக்கற ஆளு!" என்பாள் என் மனைவி கலா.

கேட்டுக்கு வந்த போன்

தேவராஜ் அண்ணன் கம்பெனி பஸ் டிரைவர். இருபது வருடத்துக்கு மேல் பொன்னேரியிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றி வந்தவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினார். ஸ்டூலுக்கு அவருடைய சர்வீஸ் ரெக்கார்டு தெரியாது. வழுக்கிவிட்டது. மூன்று மாதம் படுக்கை. ஓட்டினால்தான் சம்பளம். ஆகவே அந்த வீடு மொத்தமும் அப்போது அக்காவின் வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு மணி வரை. போக வர அண்ணன் ஓட்டின அதே பஸ்தான். உள்ளே போகும்போதே செல்போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாதாரணப் புருஷனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். இவர் கம்பெனி பஸ் டிரைவர். பேட்டையில் இருக்கிற எல்லாக் கம்பெனியின் கேட் போன் நம்பரும் மனப்பாடம்.

கேட்டுக்குப் போன் போடுவார். செக்யூரிட்டி பதறிப்போய் உள்ளே ஓடுவார்: "அக்கா, ஊட்டுலேந்து போனு! அர்ஜென்ட்டாம்!"

அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அழாத குறையாக ஓடி வந்து எடுப்பார்.

"ஸ்டெல்லா, ரிமோட்டு கட்லுக்கு அடியில பூந்துக்கிச்சி."

ஒரு நாளைக்கு ஏழு எட்டு முறை. "ஸ்டெல்லா, தெருவுல யாரோ ஹாரன் அடிச்சான், யாரா இருக்கும்?" "ஸ்டெல்லா, மணி இன்னா?" அவருக்கு எதிரே சுவரில் கடிகாரம் தொங்குகிறது.

சூப்பர்வைசர் கடைசியாகச் சொல்லிவிட்டார். காண்ட்ராக்ட் வேலை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அடுத்த மாதத்துக்கான ஆட்கள் லிஸ்டை ஒட்டுவார்கள். இப்படியே போன் வந்தால் லிஸ்டில் பெயர் இருக்காது.

"மூணு வாரங்கூட இல்ல தம்பி," என்றார் அக்கா. "முந்நூறு சேனல் வச்சிக்கீற. ஒண்ணுகூடவா இந்த ஆள புடிச்சி வச்சிக்காது?"

"நான் இன்னா மாடா, புடிச்சி வக்க?" என்றார் கட்டிலிலிருந்து அண்ணன்.

நான் மார்பைத் தட்டிக்கொண்டேன். "வுடுக்கா. ஆள பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்."

வேணாம்

டிரைவருக்கு என்ன பிடிக்கும்? வண்டி. திங்கட்கிழமை கார் பந்தயச் சேனலைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கை தட்டிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் சொன்னார்: "இவனுங்க எங்கதாய்யா போறானுங்க? சுத்திச் சுத்தி அங்கியே வரானுங்க. ஒரு ஸ்டாப்பிங்கு உண்டா? ஒரு ஆள ஏத்துனானா எறக்குனானா? வேணாம்."

சமையல் சேனல் போட்டேன். கேட்டுக்கு நாலு போன் போயிற்று. "ஸ்டெல்லா, நம்ம ஊட்ல பன்னீர் கீதா?" என்பது முதல் போன். மற்ற மூன்றும் அதன் தொடர்ச்சி.

சீரியல் போட்டேன். "ஸ்டெல்லா, இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுவுது?" அக்காவே அந்த சீரியல் பார்ப்பதில்லை. செக்யூரிட்டி பார்ப்பாராம். அவரே போனில் விளக்கம் சொல்லியிருக்கிறார். அன்று கேட்டில் மூன்று லாரி காத்துக் கிடந்தது.

செய்தி போட்டது நான் செய்ததிலேயே பெரிய பாவம். அரை மணிக்கு ஒரு தரம் 'சற்றுமுன்' என்று வரும். வந்ததெல்லாம் சுடச்சுடப் பாட்டில் மூடி பேக்கிங் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெபச் சேனல் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. குடும்பத்தில் மன்னிப்பு எவ்வளவு அவசியம் என்று பிரசங்கியார் பேசினார். அண்ணன் உருகிப்போய் அப்போதே கேட்டுக்குப் போன் போட்டு, "ஸ்டெல்லா, உங்க அண்ணன நான் மன்னிச்சிட்டேன்," என்றார்.

"எங்கண்ணன் இன்னா பண்ணான்னு இவரு மன்னிக்கறாரு?" என்று அக்கா என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு வாரம் போய்விட்டது. கடைசியாக, யாரோ வெள்ளைக்காரர்கள் ஏரியில் படகு போட்டு மீன் பிடித்துக்கொண்டே இருக்கிற ஒரு சேனலைப் போட்டேன். பேச்சு குறைவு. தண்ணீர் நிறைய. மீன் எப்போதாவதுதான் வரும்.

"இத்தயாச்சும் பாருண்ணே."

"ஊம்," என்றார். 'வேணாம்' என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது.

எலி

இங்கே கொஞ்சம் என் கண்ட்ரோல் ரூம் பக்கம் வர வேண்டும். தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற, கம்பெனி பஸ்கள் நின்று போகிற கூட்ரோட்டில், முதல் மாடியில் ஓர் அறை. அங்கிருந்துதான் ஊருக்கே படம் போகிறது. அதோடு நூறாம் நம்பரில் எனக்கென்று ஒரு லோக்கல் சேனலும் உண்டு. பழைய பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, டியூஷன் விளம்பரம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கேமரா வைத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே யாரோ தினமும் குப்பை போடுகிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று. முதல் நாள் பதிவிலேயே ஆள் சிக்கினார். டீ குடித்த காகிதக் கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜம்மென்று மாடி ஏறிய அந்த ஆள் நான்தான். விசாரணையை அத்தோடு கைவிட்டேன். கேமராவைக் கழற்ற மட்டும் சோம்பல்.

அந்த வாரம் எலி வந்து ஒயர்களைக் கடித்துவிட்டது. கடித்ததை எல்லாம் வெட்டி, புதிதாகச் சேர்த்து, எல்லாவற்றையும் திரும்பச் செருகினேன். எல்லாம் ஒரே கறுப்பு ஒயர். எதை எதில் செருகினேன் என்பது எலிக்கே வெளிச்சம்.

மறுநாளிலிருந்து கேட்டுக்குப் போன் நின்றுவிட்டது.

ஒரு நாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் அக்கா ஒரு டப்பாவில் இறால் தொக்கோடு மாடி ஏறி வந்துவிட்டார். பழவேற்காட்டு இறால். "எந்த சேனலோ தெரில தம்பி, நல்லா இருக்கணும் நீ."

"மீன் சேனலுக்கா. மனுசன் மனச படிக்கணும், அவ்ளோதான்," என்றேன், விரலை நக்கியபடி.

அன்று சாயங்காலமே டீக்கடையில் பாபு பிடித்துக்கொண்டான். அண்ணனுக்குப் பதிலாக அதே பஸ்ஸை ஓட்டுகிறவன். முகம் வெளிறியிருந்தது.

"தேவராஜ் அண்ணனுக்கு எதுனா சக்தி வந்துருச்சா? படுத்துக்கினே போன் பண்றாரு. 'கூட்ரோட்ல இண்டிகேட்டர் போடாம திரும்புறியே, வெக்கமா இல்ல?'ன்றாரு. நெஜமாவே போடலண்ணே! நேத்து, 'ஆள் எறங்கறதுக்குள்ள இன்னாத்துக்கு வண்டிய நவுத்துற?'ன்றாரு. அவருக்கு எப்டிண்ணே தெரியும்?"

"ஜெபச் சேனல் போட்டு வுட்டேன். அதோட பவரா இருக்கும்," என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அப்போது நம்பினேன்.

கலா பார்த்தது

ஐந்தாம் நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் வாழ்த்து வருகிறதா என்று கலா லோக்கல் சேனலைப் போட்டாள். எனக்குப் போன் வந்தது.

"உன் சேனல்ல ரோடு தெரியுது."

"எந்த ரோடு?"

"கூட்ரோடு. நீ டீக்கடையில நின்னு எவன்கிட்டயோ கைய ஆட்டி ஆட்டிக் கத வுட்டுக்கினு கீற. சட்டைய இழுத்து வுடு, தொப்ப தெரியுது."

கேமராவின் ஒயரை லோக்கல் சேனல் பெட்டியில் செருகியிருக்கிறேன். ஐந்து நாளாக ஊர் முழுக்க ரோடு ஒளிபரப்பாகியிருக்கிறது. அதைவிட நெஞ்சில் குத்தியது வேறு. இந்த ஐந்து நாளில் ஒரே ஒரு ஆள்கூட, "பாட்டு வரலியே" என்று எனக்குப் போன் செய்யவில்லை. பத்து வருடமாக யாருக்காக அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

மாடிக்கு ஓடி, ஒயரை மாற்றி, பாட்டைப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. இரண்டரை மணிக்கு ஸ்டெல்லா அக்கா டிபன் பையோடு மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டது. தொக்கு கொண்டுவந்த நாளில் கேட்ட காலடி இல்லை அது.

"காலீலேர்ந்து ஆறு போனு! 'வெள்ளிக்கிழம லிஸ்ட்ட பாத்துக்கோ'ன்னு மூஞ்சிக்கி நேரா சொல்ட்டான் சூப்பர்வைசரு. இன்னா பண்ணி வச்சே நீ? மீனுங்க எல்லாம் செத்துப் பூடுச்சா?"

அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். அக்கா முகம் கழுவப் போகும்வரை அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"நூறாம் நம்பர்ல ரோடு வந்துச்சே. அத்த ஏன்யா தூக்கினே?"

"ரோடாண்ணே? அப்ப மீனு?"

"மீனாவது கீனாவது! அஞ்சி நாளா நல்லாப் போய்க்கினு இருந்துச்சி. பேஜாரு புடிச்ச பாட்ட போட்டுட்ட. என் வண்டி போவுதா, வருதா, ஒண்ணுந் தெரில. இவ பஸ் ஏறினாளா, எறங்கினாளா, அதுவுந் தெரில. போன் பண்ணாம இன்னா பண்ணுவேன்?"

முந்நூறுக்கும் மேற்பட்ட சேனலை வாய்வலிக்கப் படித்துக் காட்டியவன் நான். அவர் கேட்டது பட்டியலிலேயே இல்லை. குப்பை போடுகிறவனைப் பிடிக்க வைத்த கேமராவில் இருந்தது. செருப்பு ஜோசியத்தை அந்தக் கட்டில் ஓரத்திலேயே விட்டுவிட்டேன்.

இரண்டேகால்

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே நூறாம் நம்பரில் ரோட்டைப் போட்டேன். அன்று கேட்டுக்குப் போன் இல்லை. ஆனால் ஒரு நாள் அமைதிக்காக சூப்பர்வைசர் மனம் இரங்குவாரா என்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது அக்கா புருஷனிடம் சொல்லியிருக்கிறார்: "லிஸ்ட்ல பேரு இருந்தா, எறங்கனதும் கேமராவப் பாத்து டிபன் பைய தூக்கிக் காட்றேன். போனு மட்டும் வேணாஞ் சாமி. இனிமே நமக்குள்ள போனே வேணாம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மணிக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் தலையணையை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்திருந்தார். திரையில் கூட்ரோடு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு மாடு போயிற்று. ஒரு தண்ணீர் லாரி போயிற்று.

"நம்ம மூணாம் நம்பரு பஸ்ஸு அஞ்சி நிமிசம் லேட்டு," என்றார். "பேட்ட ஆர்ச்சிகிட்ட டயர் பஞ்சரா இருக்கும்." அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. நாலு பக்கப் பட்டியலில் எந்தச் சேனலையும் யாரும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

சும்மா இருக்க முடிகிற ஆளா நான்? தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எழுந்து டி.வி. முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, ரோடுதான் உனக்குப் புடிக்கும்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? வெளிநாட்டு ரோடெல்லாம் காட்டற சேனல் ஒண்ணு கீதுண்ணே. மலை மேல வளைஞ்சி வளைஞ்சிப் போவும். கண்ணாடி மாதிரி தெரியும். அதுல ஒரு டிக் போட்டா..."

அவர் கழுத்து இடது பக்கம் சாய்ந்தது. பிறகு வலது பக்கம். திரும்பிப் பார்த்தேன். நீலக் கலர் பஸ் வந்து நின்றிருந்தது. பாபு இண்டிகேட்டர் போட்டிருந்தான். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக ஸ்டெல்லா அக்கா. ரோட்டோரம் வந்து நின்றார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். சுற்றும் முற்றும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். பிறகு நேராக என் ஜன்னலை அண்ணாந்து பார்த்து, மஞ்சள் டிபன் பையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

திரையை முழுசாக மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தேன்.

"பாத்தியாண்ணே! பேரு கீது! இத்தினி சேனல்ல உனக்குன்னு ஒண்ண தேடிக் கண்டுபுடிச்சிக் குடுத்தேனா இல்லியா? சொல்லுண்ணே!"

"நவுருய்யா, மறைக்குது."